நாஸ் ஆன் ஆகல, அடாப்டர் லைட்டு மட்டும் மினுக்குது... போர்டா அடாப்டரா?

மஞ்சக்காட்டான்:

வணக்கம்ங்க. வீட்ல ரெண்டு பே நாஸ் (ரெண்டு டிஸ்க் போட்டு நெட்வொர்க் வழியா ஃபைல் வச்சு எடுக்கற பெட்டி) ஒண்ணு இருக்கு, வாங்கி அஞ்சாறு வருசம் ஆச்சு, வாரண்டி எப்பவோ முடிஞ்சு போச்சு. உள்ள 4 டிபி டிஸ்க் ரெண்டு, ரெய்டு 1ல மிரர் போட்டு ஓடுது, அதாவது ஒண்ணுல இருக்கறதேதான் இன்னொண்ணுலயும். ஈரோட்டுல இப்ப சாயங்காலம் ஆனா காத்தும் மழையும்தான், கரண்டு போறதும் வர்றதுமா இருந்துச்சு, அந்த கலாட்டாவுல பெட்டி அணைஞ்சது அணைஞ்சதுதான், திரும்ப எந்திரிக்கவே இல்ல.

பட்டன அமுக்குனா ஃபேன் ஒரு நொடி லேசா அசையுது, அப்பறம் ஒண்ணும் இல்ல. பீப் இல்ல, முன்னாடி ஒரு லைட்டும் இல்ல. அடாப்டர் 12 வோல்ட் 5 ஆம்ப். அத சும்மா ப்ளக்குல சொருகி வச்சா அதுல இருக்கற பச்ச லைட்டு நின்னு எரியுது. வயர நாஸ்ல குத்துன உடனே லைட்டு மினுக்கு மினுக்குன்னு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, காத கிட்ட கொண்டு போனா உள்ளாற டிக் டிக் டிக்குன்னு சத்தம் வருது. மீட்டர் வச்சு பின்னுல பாத்தேன், 12.1 காட்டுச்சு. அப்ப அடாப்டர் நல்லாத்தான இருக்கு?

இங்க ஒரு கடையில காட்டுனேன், திறந்து கூட பாக்கல, போர்டு போயிருச்சு சார், இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது, டிஸ்க்க குடுங்க ஃபார்மட் பண்ணி எக்ஸ்டர்னல் கேஸ்ல போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க. குழந்தைங்க போட்டோ, நிலத்துப் பத்திரம் ஸ்கேன் பண்ணது, அப்பா பேசி கேசட்டுல இருந்தத மாத்தி வச்சது எல்லாம் அதுல தான் கெடக்குது, கிளவுட்ல பாதிதான் இருக்கு. போர்டே போயிருந்தாலும் பரவால்ல, டிஸ்க்குல இருக்கறது வருமா? அத மட்டும் யாராவது சொல்லுங்க முதல்ல.


ரீஸ்டார்ட்_ராஜா:

எல்லா வயரையும் கழட்டிட்டு பவர் பட்டன ஒரு அர நிமிசம் அமுக்கிப் பிடிங்க ப்ரோ, மிச்சம் இருக்கற சார்ஜ் எறங்கும், அப்பறம் போட்டுப் பாருங்க. எனக்கு ஒருக்கா அதுலயே வந்துருச்சு. வரலன்னா புதுசுதான், அஞ்சு வருசம் ஓடுனதே பெருசு.


மஞ்சக்காட்டான்:

அது பண்ணிட்டேன் ப்ரோ, ஒண்ணும் மாற்றம் இல்ல.


சால்டர்_சாமி:

தம்பி, முதல்ல அந்த டிஸ்க்க எந்தக் கடையிலயும் குடுக்காதீங்க. ஃபார்மட்னு வாயெடுத்தவங்ககிட்ட கண்டிப்பா வேண்டாம். பெட்டி செத்தாலும் டிஸ்க் சாகறதில்ல, பெட்டியில இருக்கற போர்டு வேற, டிஸ்க்குல எழுதி வச்சிருக்கறது வேற. அதுக்கு அப்பறம் வர்றேன்.

இப்ப அடாப்டர். மீட்டர்ல 12.1 காட்டுச்சுன்னு நல்ல அடாப்டர்னு முடிவு கட்டிராதீங்க, அது சும்மா நிக்கும்போது காட்டற வோல்ட். லோடு குடுத்தா எவ்ளோ நிக்குதுங்கறதுதான் கேள்வி. நீங்க சொல்ற அந்த டிக் டிக் சத்தமும் லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியறதும் எனக்கு நல்லாத் தெரிஞ்ச விசயம், எஸ்எம்பிஎஸ் (அடாப்டர் உள்ள இருக்கற பவர் சர்க்யூட்) தன்னால முடியாத அளவுக்கு கரண்ட் கேட்டா தானே கட் ஆயிக்கும், கொஞ்சம் கழிச்சு தானே திரும்ப முயற்சி பண்ணும், மறுபடி கட் ஆகும், அதுதான் அந்த டிக் டிக். இதுக்கு காரணம் ரெண்டே ரெண்டுதான் இருக்க முடியும். ஒண்ணு அடாப்டர் வலு இழந்துருச்சு, இல்ல நாஸ் உள்ள எங்கயோ ஷார்ட் ஆயிருக்கு.

என் கணிப்பு அடாப்டர்தான். ஏன்னா 3.5 இஞ்ச் டிஸ்க் ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கும்போது அஞ்சாறு வாட்ஸ்தான் தின்னும், ஆனா நின்ன இடத்துல இருந்து சுத்த ஆரம்பிக்கற அந்த சில நொடி 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 2 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணா கிளம்புனா 4 ஆம்ப் அங்கயே போச்சு, போர்டுக்கு, ஃபேனுக்கு தனி. வருசக்கணக்கா ராத்திரி பகலா சூட்டுல கெடந்த அடாப்டர் உள்ள கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்கும், அதனால 5 ஆம்ப்னு எழுதியிருந்தாலும் அவ்ளோ குடுக்க முடியாது. ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் இந்த குறை வெளிய தெரியாது, கம்மி கரண்டுலயே பொழப்ப ஓட்டிரும். ஒருக்கா கரண்டு போயி வந்து முதல்ல இருந்து கிளம்பணும்னு வரும்போதுதான் படுத்துக்கும். கரண்டு போனதுல தான் போச்சுன்னு எல்லாரும் நினைப்போம், உண்மையில அது பல மாசம் முன்னாடியே போயிருக்கும்.

ஆகவே இப்படி பாருங்க. ரெண்டு டிஸ்க்கையும் ட்ரேயோட வெளிய இழுத்துருங்க, எது இடது எது வலதுன்னு ஒரு டேப் ஒட்டி எழுதி வைங்க, லேன் வயர், யூஎஸ்பி எல்லாம் கழட்டிருங்க. வெறும் பெட்டிய மட்டும் அதே அடாப்டர்ல போட்டு ஆன் பண்ணுங்க. லைட்டு வந்து ஃபேன் சுத்துனா போர்டு உயிரோடதான் இருக்கு. வெறும் பெட்டிக்கும் அதே டிக் டிக்தான்னா, அடாப்டர கழட்டி வச்சுட்டு நாஸோட டிசி ஜாக்குல மீட்டர ஓம்ஸ்ல வச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுனா உள்ள ஷார்ட்.

அடாப்டர தனியா சோதிக்க ஒரு வழி சொல்றேன். கார் மெக்கானிக் கடையில 12 வோல்ட் 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்ப் கேட்டா குடுப்பாங்க, ரெண்டு வாங்குங்க. ஒண்ணு போட்டா 1.75 ஆம்ப், ரெண்டையும் பேரலல்ல போட்டா 3.5 ஆம்ப். பல்ப் எரியும்போது மீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க. ஹெட்லைட் 55 வாட்ஸ் பல்ப் போடலாமேன்னு கேப்பீங்க, வேண்டாம், ஆறிக் கெடக்கற இழை எரிய ஆரம்பிக்கும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், நல்ல அடாப்டரே அதுல கட் ஆயிரும், நீங்க வீணா குழம்புவீங்க. பல்ப் சூடாகும், கைய வைக்காதீங்க, துணி மேல போடாதீங்க.

அடாப்டர உடைச்சுத் திறந்து கெப்பாசிட்டர் மாத்தலாம்னு யாராவது யூடியூப் லிங்க் போடுவாங்க பாருங்க. 230 வோல்ட்ட நேரா டிசி ஆக்குனா 325 வோல்ட் வரும், ப்ளக்க புடுங்கின பிறகும் அந்த பெரிய கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் நிக்கும். பழக்கம் இல்லாதவங்க கை வைக்கற இடம் இல்ல அது.


சர்வர்_சித்தப்பா:

சாமி அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எல்லாத்துக்கும் அடாப்டர்தான்னு அடிச்சு சொல்ல முடியாது. உங்க நாஸ்ல என்ன சிபியுன்னு பாத்தீங்களா? இன்டெல் ஆட்டம் சி2000 வரிசை சிப்புல ஒரு குறை இருந்துச்சு, சிப்புல இருந்து வர்ற க்ளாக் சிக்னல் ஒண்ணு வருசம் போகப் போக பலவீனமாகி நின்னுரும், பெட்டி பூட்டே ஆகாது. 2017ல இன்டெலே ஏவிஆர்54ன்னு எர்ராட்டால (சிப்போட குறைப் பட்டியல்) போட்டு ஒத்துக்கிட்டது, அப்பறம் வந்த சி0 ஸ்டெப்பிங்ல (அதே சிப்போட திருத்தின பதிப்பு) சரி பண்ணாங்க. அந்தக் காலத்து நாலு பே எட்டு பே நாஸ் நிறையதுல இந்த சிப் உண்டு. இதுலயும் இதே கதைதான், ஓடற வரைக்கும் ஓடும், ஒரு ரீபூட் பண்ணா செத்துரும். ரெசிஸ்டர் ஒண்ண சால்டர் பண்ணி உயிர் குடுத்தவங்களும் இருக்காங்க, கொஞ்ச நாளைக்கு தாங்கும், டேட்டாவ வெளிய எடுக்க போதும்.

அதுக்காக இந்த கேஸ் அதுன்னு சொல்லல. அதுல அடாப்டர் டிக் டிக்குன்னு கத்தாது, லைட்டு, ஃபேன் எல்லாம் வரும், பீப் மட்டும் வராது, முன்னாடி லைட்டு விடாம மினுக்கிக்கிட்டே இருக்கும். மாடல எடுத்து எந்த சிப்புன்னு ஒருக்கா பாத்துருங்க.


மஞ்சக்காட்டான்:

என்னுது இன்டெல் இல்லீங்க, ரியல்டெக் ஏஆர்எம் சிப்பு. அப்ப அது இல்ல. நாளைக்கு சனிக்கிழமை, பல்ப் வாங்கிட்டு வந்து பாக்கறேன்.


யாழ்_வயர்மன்:

அண்ணை, அடாப்டரை மாத்தியும் வராட்டி இன்னொண்டையும் பாருங்கோ. போர்டில பொத்தான் பற்றறி ஒண்டு இருக்கும், சிஆர்2032. 3 வோல்ட் இருக்க வேணும். என்ர பெட்டி லைட் எல்லாம் எரிஞ்சுகொண்டு கிடந்தது, ஃபேனும் சுத்தினது, ஆனா பூட் ஆகேல்ல. நானும் போர்டு போட்டுதெண்டுதான் நினைச்சனான். பற்றறியைக் கழட்டிப் பாக்கேக்க 2 வோல்டும் இல்லை. கடையில புதுசு வாங்கிப் போட்டவுடன பீப் கேட்டுது. எல்லாப் பெட்டியிலயும் அப்பிடி நிக்காது, சிலதில நேரம் மட்டும்தான் பிழைக்கும். சிலதில வயரோட ஒட்டின பற்றறி வரும், அதை இழுத்துப் பிய்ச்சுப் போடாதேங்கோ.

ரேமைக் கழட்டக்கூடிய பெட்டியெண்டா அதையும் ஒருக்கா கழட்டி, பொன் நிறக் காலை அழிறப்பராலை மெதுவாத் தேய்ச்சுப் போட்டுத் திருப்பிக் கொழுவிப் பாருங்கோ. எங்கட பக்கம் கடற்கரைக் காத்துக்கு உதுதான் கன பேருக்கு முதல் வருத்தம்.


ரீஸ்டார்ட்_ராஜா:

போர்டு வரைக்கும் போறதுக்கு முன்னாடி மூடிய கழட்டி உள்ள பல்லி இருக்கான்னு பாருங்க, விளையாட்டுக்கு சொல்லல. எங்க வீட்ல ரவுட்டர், இன்வெர்ட்டர் ரெண்டுலயும் எடுத்திருக்கேன். எறும்பு வேற கூடு கட்டும், சூடா இருக்கற இடம்ல.


மஞ்சக்காட்டான்:

பாத்துட்டேன்ங்க. பல்லி இல்ல, தூசிதான் பஞ்சு பஞ்சா.

டிஸ்க் ரெண்டையும் உருவிட்டு வெறும் பெட்டிய போட்டேன், லைட்டு வந்துருச்சு, ஃபேன் சுத்துச்சு, ரெண்டு நிமிசம் கழிச்சு பீப் அடிச்சுது பாருங்க, வீட்டுக்காரம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க. ரவுட்டர் லிஸ்ட்ல ஐபியும் காட்டுது. அணைச்சுட்டு ஒரு டிஸ்க்க மட்டும் போட்டு ஆன் பண்ணேன், கிளம்பப் பாத்து திக்கித் திணறி அணைஞ்சுது, அதோட நிறுத்திட்டேன், திரும்பத் திரும்ப டிஸ்க்க போட்டு அடிக்க மனசு வரல.

பல்ப் ஒண்ணு போட்டப்ப நல்ல பிரகாசமா எரிஞ்சுது, மீட்டர் 11.3. ரெண்டாவது பல்ப் வயர தொட்ட உடனே ரெண்டும் மங்கிப் போயி மீட்டர் 6, 7ன்னு குதிக்குது, அடாப்டர் அதே டிக் டிக். 5 ஆம்ப் குடுக்கணும்னு எழுதி வச்சிருக்கற அடாப்டர் 3.5க்கே கையத் தூக்கிருச்சு. சாமி அண்ணா, உங்க கணிப்பு சரி.

இப்ப அடாப்டர் எது வாங்கறது? கம்பெனி அடாப்டர் ஆன்லைன்ல ஸ்டாக் இல்லன்னு வருது. எலக்ட்ரிக்கல் கடையில சிசிடிவி கேமராவுக்கு போடற 12 வோல்ட் 5 ஆம்ப் நானூறு ஐநூறுக்கு கிடைக்குது, அது போடலாமா? பெரிய பையன் அவனோட லேப்டாப் சார்ஜர் பின்னு இதுல சரியா போகுதுன்னு வேற சொல்றான்.


சால்டர்_சாமி:

லேப்டாப் சார்ஜர தூர வைக்கச் சொல்லுங்க! அது 19 வோல்ட், பின்னு போகுதுங்கறதுக்காக குத்துனா போர்டும் போகும் டிஸ்க்கும் போகும், இது வரைக்கும் பட்ட பாடெல்லாம் வீண்.

வோல்ட் அப்படியே 12தான் இருக்கணும். ஆம்ப் அதே அளவு இல்ல கூட இருக்கலாம், 6 இருந்தாலும் 7 இருந்தாலும் பெட்டி தனக்கு வேணுங்கறததான் எடுத்துக்கும், கம்மியா மட்டும் இருக்கக் கூடாது. அடாப்டர் ஸ்டிக்கர்ல ஒரு வட்டத்துக்குள்ள புள்ளி, ரெண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் போட்ட படம் இருக்கும், நடுவுல கூட்டலான்னு பழைய அடாப்டர் படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பின்னு வெளி விட்டம் 5.5 எம்எம், உள் ஓட்டை 2.1 இல்ல 2.5. ரெண்டும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். 2.1 ஓட்டை 2.5 ஜாக்குல போகாது, அதுனால பிரச்சன இல்ல. 2.5 ஓட்டை 2.1 ஜாக்குல தாராளமா போகும், ஆனா லொட லொடன்னு நிக்கும், தொட்டா அணையும், நாள்பட்டா அங்கயே சூடாகி உருகும். பழசையும் கூட எடுத்துட்டுப் போயி கடையிலயே ஒப்பிட்டு வாங்கறதுதான் நல்லது.

இத படிக்கற மத்தவங்களுக்கு ஒண்ணு, உங்க பெட்டியில வட்டமா நாலு கால் வச்ச பின்னு இருந்தா இன்னும் கவனம், எந்த காலு கூட்டல் எது கழித்தல்ங்கறது தயாரிப்பாளருக்கு தயாரிப்பாளர் மாறும், சொருகறதுக்கு மட்டும் கச்சிதமா சொருகும்.

சிசிடிவி அடாப்டர் விசயம். ப்ளாஸ்டிக் டப்பாவுல பேர் தெரியாத 5 ஆம்ப் வருதே, கையில எடுத்தா காத்தாட்டம் இருக்கும், அது 5 ஆம்ப் குடுக்கும்னு நான் நம்பறதில்ல. கேமராவுக்கு ஆளுக்கு அர ஆம்ப் கூட வேண்டாம், அதனால அங்க பொய் வெளிய வராது. டிஸ்க்குக்கு போட்டா வந்துரும். இரும்புப் பெட்டியில ஓட்டை ஓட்டையா வருமே 12 வோல்ட் 10 ஆம்ப், அது சோதனைக்கு பரவால்ல, ஆனா ஓரத்துல வோல்ட் கூட்டிக் குறைக்க ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், கடைக்காரர் கேமரா வயர் நீளத்துக்காக 13க்கு மேல ஏத்தி வச்சிருப்பார். மீட்டர வச்சு 12ல நிறுத்தின பிறகுதான் நாஸ்ல குத்தணும், 12.6க்கு மேல டிஸ்க்குக்கு ஆகாது. வீட்ல குழந்தைங்க இருக்கற இடத்துல டெர்மினல் திறந்து கெடக்கும், நிரந்தரமா வைக்கற பொருள் இல்ல அது. பேர் உள்ள கம்பெனி அடாப்டர், பிஐஎஸ் (இந்திய தர அமைப்பு) நம்பர் போட்டது, சென்னையில யாராவது இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல சொல்லி வாங்குங்க. எப்படியும் வாங்குன உடனே அந்த ரெண்டு பல்ப்ப போட்டு 11.4க்கு கீழ போகாம நிக்குதான்னு பாத்துட்டு அப்பறம் டிஸ்க்க போடுங்க, பல்ப்தான் கையில இருக்கே.


பிட்டுக்கு_மண்:

அடாப்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலன்னாலோ, பத்திரம் ஏதாவது அவசரமா வேணும்னாலோ டிஸ்க்க நேரா படிக்கலாம், ஆனா விண்டோஸ்ல குத்தாதீங்க. குத்துனா "டிஸ்க்க இனிஷியலைஸ் பண்ணணும்", "ஃபார்மட் பண்ணாதான் யூஸ் பண்ண முடியும்"னு பெட்டி வரும், தூக்கத்துல ஓகே குடுத்துட்டா முடிஞ்சுது. உள்ள இருக்கறது லினக்ஸ், அது விண்டோஸுக்கு புரியாது, காலி டிஸ்க்குன்னு நினைச்சுக்கும்.

வீட்டு நாஸ் பெரும்பாலும் உள்ள ஓட்டறது லினக்ஸோட சாதாரண சாஃப்ட்வேர் ரெய்டுதான், எம்டிஏடிஎம்ங்கற கருவி, மேல சில சமயம் எல்விஎம் (டிஸ்க் இடத்த பிரிச்சு வைக்கறது), அதுக்கு மேல எக்ஸ்ட்4 இல்ல பிடிஆர்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம். உபுண்டு லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லயே ஓடற லினக்ஸ்) போட்டு பூட் பண்ணி, எம்டிஏடிஎம், எல்விஎம்2 ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணி, அசெம்பிள் ஸ்கேன் குடுத்தா அதுவே ரெய்ட கண்டுபிடிக்கும். மிரர்ங்கறதால ஒரு டிஸ்க்கே போதும், இன்னொண்ண தொடாம பீரோவுல வைங்க. மவுண்ட் பண்ணும்போது ரீட் ஒன்லினு குடுக்கறது ரொம்ப முக்கியம், எதையும் எழுத விடாதீங்க. யூஎஸ்பில மாட்டறதா இருந்தா தனி பவர் அடாப்டர் உள்ள டாக் வாங்குங்க, வெறும் யூஎஸ்பி வயர்ல 2.5 இஞ்ச் டிஸ்க்தான் சுத்தும்.

ரெண்டு இடத்துல இது ஒத்துவராது. ஃபோல்டர என்க்ரிப்ட் பண்ணியிருந்தா சாவி இல்லாம ஒண்ணும் கிடைக்காது. சில பழைய ஏஆர்எம் பெட்டியில 64 கேபி ப்ளாக்ல ஃபைல் சிஸ்டம் போட்டிருப்பாங்க, அது சாதாரண பிசியில மவுண்ட் ஆகாது, டிபக்எஃப்எஸ் மாதிரி கருவி வச்சு ஃபைல உருவணும். பயப்படாதீங்க, வேலை கூடுதல், அவ்ளோதான். போர்டே போயிருந்தாலும் அதே கம்பெனி புது மாடல்ல டிஸ்க்க அதே வரிசையில போட்டா பல பேருக்கு மைக்ரேட்னு கேட்டு அப்படியே எடுத்துக்கிச்சு, வாங்கறதுக்கு முன்னாடி எந்த மாடல்ல இருந்து எதுக்கு போலாம்னு அவங்க பட்டியல பாத்துக்கோங்க.


மஞ்சக்காட்டான்:

ஓடுதுங்க!!! 12 வோல்ட் 6 ஆம்ப் கிடைச்சுது, ரெண்டு பல்ப் போட்டு 11.8ல நின்னுச்சு, டிஸ்க்க டேப் ஒட்டுன மாதிரியே இடது வலது மாத்தாம போட்டேன். முதல் பீப் வர்ற வரைக்கும் யாரும் பேசல. உள்ள போயி பாத்தா எல்லா ஃபோல்டரும் இருக்கு, ரெய்டு டிகிரேடட்னு (மிரர்ல ஒரு டிஸ்க் சேரலன்னு) ஆரஞ்சுல காட்டுது, ரெண்டாவது டிஸ்க்க ரிப்பேர் பண்ணவான்னு கேக்குது. குடுக்கட்டுமா?


பிட்டுக்கு_மண்:

நில்லுங்க, ரிப்பேர் குடுக்கறதுக்கு முன்னாடி முக்கியமான ஃபோல்டர எல்லாம் ஒரு யூஎஸ்பி டிஸ்க்குல காப்பி பண்ணிருங்க. ரிப்பேர்னா நல்லா இருக்கற டிஸ்க்க முழுசா படிச்சு இன்னொண்ணுல எழுதும், 4 டிபிக்கு பல மணி நேரம் ஆகும், ஏற்கனவே வயசான டிஸ்க்குக்கு அதுதான் கடுமையான நேரம். காப்பி முடிஞ்ச பிறகு ஸ்மார்ட் பக்கத்துல (டிஸ்க் தன் நிலைமைய தானே சொல்ற இடம்) ரெண்டு டிஸ்க்குக்கும் ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப் போயி மாத்துன இடம்), பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கற இடம்) ரெண்டையும் பாருங்க. பெண்டிங் பூஜ்யம்னா ரிப்பேர் குடுங்க. நம்பர் ஏறிக்கிட்டு இருந்தா அந்த டிஸ்க்க திரும்ப சேக்காதீங்க, புதுசு ஒண்ணு போட்டு அதுல ரிப்பேர் பண்ணுங்க.


மஞ்சக்காட்டான்:

ரெண்டுலயும் பூஜ்யம்தான்ங்க. காப்பி ஓடிக்கிட்டு இருக்கு, முடிஞ்சதும் குடுக்கறேன். இன்னொரு கேள்வி, ரவுட்டருக்கு விக்கறாங்களே குட்டி யூபிஎஸ் 12 வோல்ட், அத நாஸுக்கும் போட்டா கரண்டு போனா தாங்குமா? வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா மாறும்போது நாஸ் அணைஞ்சு வருது.


சால்டர்_சாமி:

அது 2 ஆம்ப் 3 ஆம்ப்தான் தம்பி, ரவுட்டருக்கு சரி, ரெண்டு டிஸ்க் கிளம்பறத அது தாங்காது, திரும்ப அதே டிக் டிக் கேக்கும். இன்வெர்ட்டர் பின்னாடி பாருங்க, யூபிஎஸ் மோடு, நார்மல் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், சிலதுல எக்கோன்னு போட்டிருக்கும். நார்மல்ல வோல்ட் ரொம்ப இறங்குனாதான் மாறும், மாறவும் நேரம் எடுக்கும், அதுலதான் அணையுது. யூபிஎஸ் மோடுல போடுங்க, பெரும்பாலும் நின்னுரும். அப்பவும் அணைஞ்சா 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒண்ணு, யூஎஸ்பி போர்ட் உள்ளதா பாத்து வாங்கி வயர நாஸ்ல குத்துங்க, பேட்டரி இறங்குனா அதுவே ஒழுங்கா ஷட்டவுன் ஆயிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க நாஸ் கம்பெனி வச்சிருக்கற யூபிஎஸ் பட்டியல்ல அந்த மாடல் இருக்கான்னு மட்டும் பாத்துருங்க, இல்லன்னா யூஎஸ்பி போர்ட் இருந்தும் பேசிக்காது.